அடம் பிடிக்கும் குழந்தையும் காலை ஆகாரமும்

மும்பைத் தீவின் பழைய வட எல்லையில் சயான் அமைந்துள்ளது. மராட்டி மொழியில் இவ்விடம் 'ஷீவ்' எனப்படும். எல்லை என்பதே அதன் பொருள். இதன் மேற்கே தாராவியும் தெற்கே மாட்டுங்காவும் உள்ளன. தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வரும் பகுதி இது.

பொழுது புலருமுன்னரே தாராவியின் சந்துகளில் இட்லிக் கொப்பரைகளிலிருந்து ஆவி எழத் தொடங்கிவிடும். தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த குடும்பங்கள் பல, வீட்டிலேயே இட்லியும் வடையும் செய்து, பாத்திரங்களில் நிரப்பி, நகரின் பல பகுதிகளுக்கும் கொண்டுசென்று விற்கின்றன. அலுவலகம் செல்வோர் தெருமுனையில் நின்று உண்ணும் சிற்றுண்டி பெரும்பாலும் இவ்வாறு தாராவியில் வெந்ததேயாகும். ஆயினும் அதே சந்துகளில், இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள் பலவற்றின் காலைப் பொழுது ஒரு குவளைத் தேநீருடனும் இரண்டு பிஸ்கோத்துகளுடனும் கழிந்துவிடுகிறது. "இட்லியைத் தொடவே மாட்டான், பிஸ்கோத்து என்றால் தின்பான்" என்று தாய்மார் முறையிடுவதை அங்கன்வாடி ஊழியர்கள் அடிக்கடி கேட்கின்றனர்.

இம்முறையீட்டைச் செல்லம் கொடுத்ததன் விளைவு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அதன் பின்னால் இருப்பது சிறிய விஷயமன்று. 2019-21 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ளவர்களில் நூற்றுக்கு 67 பேர் இரத்தசோகை உடையவர்கள். இந்நிலையில், ஒரு குழந்தை நாள்தோறும் ஒரு வேளை ஆகாரத்தை மறுப்பது கவனத்திற்குரியதாகும்.

குழந்தை மறுப்பது ஏன்?

பிறக்கும்போது மூன்று கிலோகிராம் எடையுள்ள குழந்தை ஓராண்டு நிறைவதற்குள் ஏறத்தாழ ஒன்பது கிலோகிராம் ஆகிவிடுகிறது. ஆனால் இரண்டாம் ஆண்டு முழுவதிலும் அது இரண்டு அல்லது இரண்டரைக் கிலோகிராம் மட்டுமே கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைவது இயல்பு. முன்னர் ஆவலுடன் உண்ட குழந்தை இப்போது நான்கு கவளத்துடன் நிறுத்திக்கொள்வதைக் கண்டு தாய் அஞ்சுகிறாள். பெரும்பாலும் அக்குழந்தை தன் தேவையின் அளவையே உண்கிறது.

இரண்டாவது காரணம் புதிய உணவைப் பற்றிய அச்சம். இவ்வச்சம் இரண்டு வயது முதல் ஆறு வயது வரை மிகுந்து காணப்படுகிறது. நடக்கக் கற்ற குழந்தை கையில் அகப்படுவதையெல்லாம் வாயில் போட்டுக்கொள்ளும் நிலையில் உள்ளது. அறியாத பொருளை ஐயுறுவதும், கசப்பை வெறுப்பதும், இனிப்பை விரும்புவதும் அதற்கு ஒரு காலத்தில் பாதுகாப்பாக இருந்திருக்க வேண்டும் என விஞ்ஞானிகள் கருதுகின்றனர். ஆதலால் கீரையைத் துப்பும் குழந்தை கெட்ட குழந்தையன்று. தன் வயதுக்குரிய செயலையே செய்கிறது.

அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை

குழந்தைக்குத் தன் உணவைத் தானே தேர்ந்தெடுக்கும் ஆற்றல் உண்டா என்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கிளாரா டேவிஸ் ஆராய்ந்தார். அவருடைய முதல் அறிக்கை 1928 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளின் முன் தானியம், இறைச்சி, முட்டை, பால், பழம், காய்கறி ஆகியவை தட்டுகளில் வைக்கப்பெற்றன. பணிப்பெண்கள் எதையும் சுட்டிக்காட்டவோ புகட்டவோ கூடாது என்பது விதி. குழந்தை கைநீட்டிய பொருளை மட்டுமே கொடுக்கலாம். குழந்தைகள் ஒரு நாள் ஒன்றை மிகுதியாக உண்டன. மறுநாள் அதைத் தொடவேயில்லை. எனினும் பல மாதங்களின் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது அனைத்தும் நன்கு வளர்ந்திருந்தன.

குழந்தை விரும்புவதையெல்லாம் கொடுத்துவிடலாம் என்பதற்கு இச்சோதனையைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. டேவிஸ் அம்மையார் அவ்வாறு கருதவில்லை. தட்டுகளில் வைத்த பொருள்களின் பட்டியலிலேயே இரகசியம் அடங்கியுள்ளது என்று அவர் பின்னர் விளக்கினார். அப்பட்டியலில் சர்க்கரைப் பண்டமோ, பதப்படுத்திய தின்பண்டமோ இடம்பெறவில்லை. நல்ல பொருள்களின் நடுவே குழந்தைக்குச் சுதந்திரம் அளிக்கப்பட்டமையால் அது நன்மையாக முடிந்தது.

இதிலிருந்து வீட்டுக்குரிய விதி ஒன்று பிறக்கிறது. என்ன உணவு, எந்நேரம், எவ்விடத்தில் என்பவற்றைப் பெரியவர் தீர்மானிக்க வேண்டும். உண்பதா வேண்டாமா, எவ்வளவு உண்பது என்பவற்றைக் குழந்தை தீர்மானிக்க வேண்டும். இவ்விரு பொறுப்புகளும் இடம் மாறும்போதே பெரும்பாலான காலைச் சண்டைகள் எழுகின்றன. சந்து முனைக் கடையில் ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கும் வறுவல் பொட்டலத்தைக் குழந்தையே கேட்டு வாங்கிக்கொள்ளும் வீட்டில், பட்டியலை எழுதுபவர் தாயல்லர், கடைக்காரரே. அதே வீட்டில் இட்லியை வாயில் திணிக்கும் தாய், குழந்தைக்குரிய பொறுப்பைத் தான் எடுத்துக்கொள்கிறாள்.

வற்புறுத்தலும் வெகுமதியும்

"இதைத் தின்றால் மிட்டாய் தருவேன்" என்னும் உறுதிமொழி எல்லா நாட்டுத் தாய்மாரும் அறிந்த உபாயம். அமெரிக்க உளவியலறிஞர் லியான் பர்ச்சும் அவருடைய தோழர்களும் 1984 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதனைச் சோதித்தனர். ஒரு பானத்தைக் குடித்தால் வெகுமதி உண்டு என்று சொல்லப்பட்ட குழந்தைகள் அதனைக் குடித்தனர். ஆனால் பின்னர் அப்பானத்தின்மீது அவர்களுக்கிருந்த விருப்பம் குறைந்துவிட்டது. கூலி கொடுத்துத் தின்னச் செய்யும் பண்டம் நல்ல பண்டமாக இருக்கவியலாது எனக் குழந்தை முடிவு செய்கிறது போலும்.

அதே ஆராய்ச்சியாளர்கள் 1982 ஆம் ஆண்டில் வேறொரு வழியைக் காட்டியிருந்தனர். இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய உணவுகளைச் சிறிதளவு சுவைக்கக் கொடுத்தபோது, எத்தனை முறை சுவைத்தனவோ அத்தனைக்கத்தனை விருப்பம் வளர்ந்தது. எட்டு முதல் பதினைந்து முறை சுவைத்த பின்னரே பல குழந்தைகள் ஓர் உணவை ஏற்கின்றன என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவாகும். ஆனால் தாய்மாரில் பெரும்பாலோர் மூன்று அல்லது நான்கு முறை முயன்று, "இவனுக்கு இது பிடிக்காது" என்று கைவிடுகின்றனர். ஊழியர்கள் தாய்மாருக்குச் சொல்ல வேண்டிய முதற்செய்தி இதுவே. நான்காம் முறை துப்பிய குழந்தை பத்தாம் முறை விழுங்கக்கூடும்.

வார நாட்களின் நெருக்கடி

ஆலோசனை கூறுவோர் தாயின் காலைப் பொழுதை முதலில் அறிந்திருத்தல் வேண்டும். தாராவியின் பல பகுதிகளில் குழாயில் தண்ணீர் வருவது சில மணி நேரமே. அந்நேரத்திற்குள் நீர் பிடித்துத் துணி துவைத்து, மூத்த குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பி, தானும் வேலைக்குப் புறப்பட வேண்டும். இரண்டு முறைகளாக நடைபெறும் பள்ளிகளில் காலை முறை ஏழு மணியளவில் தொடங்கிவிடும். நான்காம் வகுப்பு வரையுள்ள வகுப்புகள் ஒன்பது மணிக்கு முன் தொடங்குதல் கூடாதென மகாராஷ்டிர அரசு 2024 ஆம் ஆண்டில் ஆணையிட்டது. இட நெருக்கடி மிகுந்த நகரில் இம்மாற்றம் எளிதன்று. விழித்த பத்து நிமிடங்களில் பல குழந்தைகளுக்குப் பசி எடுப்பதில்லை. அவசரத்தில் ஊட்டப்படும் உணவு அடத்தை வளர்க்கிறது.

ஆதலால் வார நாட்களில் புதுமைக்கு இடமில்லை. குழந்தைக்குப் பழகிய இரண்டு அல்லது மூன்று உணவுகளையே மாற்றி மாற்றிக் கொடுத்தல் தகும். ஆயத்தங்களை முதல் நாள் இரவே முடித்துக்கொள்ளுதல் நலம். பின்வரும் முறைகள் சிறு வீடுகளிலும் கைக்கொள்ளத்தக்கவை:

உணவுக்கு அரைமணி நேரம் முன்னதாகக் குழந்தையை எழுப்புதல். எழுந்தவுடன் தேநீர் கொடாதிருத்தல். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் தானியங்களிலும் பருப்புகளிலும் உள்ள அயச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. அதிலுள்ள சர்க்கரை பசியை மழுக்குகிறது. பாலும் அளவோடு இருத்தல் வேண்டும். நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பாலைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும் குழந்தை வேறு உணவை நாடுவதில்லை. இரத்தசோகைக்கும் அது வழிகோலும்.

"என்ன வேண்டும்?" என்று கேளாமல், "இட்லியா, அவலா?" என்று இரண்டில் ஒன்றைக் கேட்டல். இருபது நிமிடங்கள் கழிந்தபின், உண்டாலும் உண்ணாவிடினும், கடிந்து பேசாமல் தட்டை எடுத்துவிடுதல். அடுத்த உணவு நேரம் வரும்வரை பொட்டலத் தின்பண்டம் கொடாதிருத்தல். சீக்கிரம் பள்ளி செல்லும் குழந்தைக்கு ஒரு வாழைப்பழமும் சில கவளங்களும் வீட்டில் கொடுத்து, எஞ்சிய பகுதியை இடைவேளைக்கு டப்பாவில் அனுப்புதல்.

உணவு விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. மராட்டியர் 'போஹா' என்னும் அவல் உப்புமாவில் வேர்க்கடலை சேர்த்து எலுமிச்சை பிழிவது விஞ்ஞான முறைக்கு முற்றும் பொருந்துகிறது. வேர்க்கடலையின் எடையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு புரதமாகும். எலுமிச்சையிலுள்ள வைட்டமின் 'சி' அயச்சத்து உடலில் சேர உதவுகிறது. சிறு குழந்தைகளுக்கு முழுக் கடலை தொண்டையில் அடைக்கக்கூடும். அதனைப் பொடித்தே சேர்க்க வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் 10 மில்லிகிராம் அளவே உள்ளது. முதல் நாள் மிஞ்சிய சப்பாத்தியைக் கெட்டுப்போகாமல் வைத்திருந்து, பருப்புடனோ, வெல்லமும் கடலைப் பொடியும் தடவிச் சுருட்டியோ கொடுப்பின் பிஸ்கோத்தினும் பன்மடங்கு மேலாகும்.

ஞாயிற்றுக்கிழமை

விடுமுறை நாளின் இயல்பே வேறு. மாட்டுங்காவின் உடுப்பி உணவுச்சாலைகளின் வாயில்களில் அன்று காலை குடும்பங்கள் வரிசையாகக் காத்து நிற்பதைக் காணலாம். வசதியுள்ள வீடுகளில் காலை ஆகாரம் பத்து மணிக்கு மேல் தள்ளிப்போகிறது. அதற்கிடையில் குழந்தை தொலைக்காட்சியின் முன் அமர்ந்து எதையேனும் கொறிக்கிறது. நண்பகல் உணவு கெடுகிறது. திங்கட்கிழமை பழைய ஒழுங்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது.

ஏழைக் குடும்பங்களில் இந்நாள் வேறொரு விதத்தில் கடினமானது. அங்கன்வாடியும் பள்ளியும் அன்று மூடியிருக்கும். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் 1975 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றது. மகாராஷ்டிரத்தில் அது தொடக்கக் காலத்தில் வேரூன்றிய இடங்களுள் தாராவியும் ஒன்று. அங்கு சமைத்த உணவு பெறும் குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை அவ்வுணவு இல்லை. எனவே வீட்டுக் காலை ஆகாரம் வேறு எந்த நாளினும் அன்றே மிக இன்றியமையாதது. வார நாளின் நேரத்திலிருந்து ஒரு மணிக்கு மேல் பிந்தாமல் அதனைக் கொடுக்குமாறு ஊழியர்கள் வற்புறுத்துதல் வேண்டும்.

மறுபுறம், தாய்க்கும் தந்தைக்கும் சற்று ஓய்வு கிடைக்கும் நாளும் அதுவே. புதிய உணவை அறிமுகப்படுத்த அன்றைவிடத் தக்க நாள் இல்லை. குழந்தை விரும்பும் உணவின் அருகில் புதியதில் கட்டைவிரல் அளவு வைத்தால் போதும். பெற்றோரும் அதையே உண்ண வேண்டும். ஞாயிறுதோறும் மட்டும் கொடுத்தால் பத்து முறை சுவைக்கப் பத்து வாரங்கள் ஆகும். ஞாயிறன்று தொடங்கி, வார நாட்களில் இருமுறை அதே அளவு கொடுத்துவரின் ஒரு திங்களுக்குள் பத்து முறை நிறைவெய்தும்.

சமையலில் கைகொடுக்கும் குழந்தை, தான் தொட்ட உணவைச் சுவைக்கத் துணிகிறது. இதற்கு இட்லி மாவே சிறந்த பாடமாகும். சனிக்கிழமை மாலை அரிசியையும் உளுந்தையும் குழந்தையைக் கொண்டு அளக்கச் செய்யலாம். அரைத்த மாவைக் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் சிறிதளவு ஊற்றி, அதன் மட்டத்தில் நூல் கட்டி வைத்தால், காலையில் மாவு நூலைக் கடந்து எழுந்திருப்பதைக் குழந்தை கண்டு வியக்கும். அரிசியிலும் உளுந்திலும் இயற்கையாகவே உள்ள நுண்ணுயிர்கள் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமிலவாயுவை வெளியிடுகின்றன. லூகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்னும் பாக்டீரியாவே மாவு பொங்குவதற்கு முதன்மைக் காரணம் என்பது 1965 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் நிறுவப்பெற்றது. அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்னும் கூறு உளுந்தில் மிகுந்துள்ளது. உளுந்தில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உள்ளது. இரண்டும் சேர்ந்து ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கின்றன. ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலும் செய்து காட்டலாம்.

தோழர்களுடன் உண்ணுதல்

வீட்டில் மறுக்கும் குழந்தை அங்கன்வாடியில் உண்பதைக் கண்டு தாய்மார் வியப்பதுண்டு. இதற்கும் விளக்கம் உண்டு. 1980 ஆம் ஆண்டில் லியான் பர்ச் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு காய்கறியை விரும்பாத குழந்தை, அதனை விரும்பும் தோழர்களுடன் சில நாட்கள் அமர்த்தப்பட்டது. அத்தோழர்கள் எடுத்ததையே தானும் எடுத்து உண்ணத் தொடங்கிற்று. பெரியவர் சொல்லாத பாடத்தைப் பந்தி கற்பித்தது.

பந்தியின் இவ்வாற்றலைத் தமிழ்நாடு நெடுங்காலமாக அறிந்துள்ளது. 1920 ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் மாணவர்க்கு உணவளிக்கத் தொடங்கியது. 1956 ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் பிறந்தது. 1982 ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. காலை ஆகாரத்திற்கான திட்டம் 2022 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள் மதுரையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினால் தொடங்கப்பெற்றது. முதலில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ 1.14 லட்சம் குழந்தைகள் பயனடைந்தனர். 2023 ஆம் ஆண்டு ஆகஸ்டு 25 ஆம் நாள் முதல் அது மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பெற்றது. உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவை காய்கறிச் சாம்பாருடன் கிழமைவாரியாக வழங்கப்படுகின்றன. எந்நாளில் எவ்வுணவு என்பது குழந்தைக்கு முன்னரே தெரிந்திருப்பதும், எல்லோரும் ஒன்றையே உண்பதும் அடத்தைத் தணிக்கும் அம்சங்களாகும்.

வீட்டிலும் இதனைச் சிறு அளவில் கைக்கொள்ளலாம். சந்தில் அடுத்தடுத்து வாழும் இரண்டு மூன்று குடும்பங்கள் ஞாயிறு காலையில் தங்கள் குழந்தைகளை ஒரே பாயில் அமர்த்தி உணவளித்தால், செலவின்றி ஒரு பந்தி கூடிவிடும்.

அடம் எது, நோய் எது?

கள ஊழியர் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இது. உணவை மறுப்பதெல்லாம் அடமன்று. குடற்புழு, வாய்ப்புண், காசநோய், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, அயச்சத்துக் குறைவு ஆகிய யாவும் பசியைக் கெடுக்கின்றன. மண்ணும் சுண்ணாம்பும் தின்னும் குழந்தையை இரத்தசோகைக்காகச் சோதித்தல் வேண்டும். சத்துக்குறைவு முற்றிய குழந்தைக்குப் பசியே எடுக்காமல் போகக்கூடும். "என் பிள்ளை பிகு செய்கிறான்" என்று தாய் சொல்லும்போது அக்குழந்தை உண்மையில் அபாய நிலையில் இருக்கக்கூடும்.

இதைப் பிரித்தறியத் தராசும் அளவு நாடாவுமே துணை. மாதந்தோறும் எடை ஏறிவரும், ஓடி விளையாடும் குழந்தையின் பிகுவைக் குறித்துக் கவலை வேண்டா. எடை நின்றுவிட்டாலோ குறைந்தாலோ உடனே கவனிக்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கை நடுச்சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் குறைவாயின் சத்துக்குறைவு உள்ளது, 11.5 சென்டிமீட்டருக்குக் குறைவாயின் அது கடுமையானது. அத்தகைய குழந்தையை ஆலோசனையுடன் வீட்டுக்கு அனுப்பிவிடலாகாது. மருத்துவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும்.

சயான் பகுதி இதில் நல்வாய்ப்பு உடையது. சயான் மருத்துவமனை என்று மக்கள் அழைக்கும் லோகமான்ய திலகர் நகராட்சிப் பொது மருத்துவமனையில்தான் 1989 ஆம் ஆண்டில் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி நிறுவப்பெற்றது. அதனை நிறுவிய டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1999 ஆம் ஆண்டில் 'ஸ்னேகா' என்னும் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் ஊழியர்கள் தாராவியில் அங்கன்வாடிகளுடன் இணைந்து வீடு வீடாகச் சென்று குழந்தைகளை எடைபார்த்துள்ளனர். தாராவியில் 'சோட்டா சயான்' என்று வழங்கும் நகர்ப்புறச் சுகாதார நிலையத்தில், கடுமையான சத்துக்குறைவுள்ள குழந்தைகளுக்கென வேர்க்கடலை, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றுடன் நுண்சத்துகள் கலந்த மருந்துணவு தயாரிக்கப்பெற்று வந்துள்ளது.

ஊழியரும் ஆசிரியரும் செய்யக்கூடியவை

தாயைக் குற்றம் கூறுவதால் எப்பயனும் இல்லை. நீர்க்குழாயிலிருந்து ஓடிவந்து, வேலைக்குப் புறப்படும் அவசரத்தில், அழும் குழந்தையின் கையில் ஐந்து ரூபாயைக் கொடுப்பவள் அலட்சியத்தால் அவ்வாறு செய்வதில்லை. அவளால் கைக்கொள்ள முடிந்த ஒரே ஒரு மாற்றத்தை முதல் வாரம் சொல்லலாம்: காலைத் தேநீரை நிறுத்துதல். அடுத்த வாரம் மற்றொன்று: பொட்டலத்திற்குப் பதில் வாழைப்பழம். அந்த ஐந்து ரூபாய் பக்கத்து வீட்டு இட்லிப் பாத்திரத்தை நோக்கித் திரும்புமாயின் இன்னும் நன்று. நகரமெங்கும் செல்லும் அவ்வுணவு, செய்த சந்தின் குழந்தைக்கும் கிட்ட வேண்டும்.

ஆசிரியர்கள் முதல் மணி நேரத்தில் சோர்ந்து சாயும் மாணவரைக் கடியுமுன், "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று தனியே கேட்டறிதல் வேண்டும். விடையைக் குறிப்பேட்டில் எழுதி வந்தால், திங்கட்கிழமைகளில் அது எவ்வாறு மாறுகிறது என்பது சில வாரங்களில் புலப்படும். அக்குறிப்பேட்டை அங்கன்வாடி ஊழியருடன் ஒப்பிட்டுப் பார்த்தால், எக்குழந்தையின் வீட்டுக்கு முதலில் செல்ல வேண்டும் என்பதை இருவரும் அறிந்துகொள்ளலாம்.